மாமா வண்டி

என் வீட்டுக்காரர் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்த அன்றைக்கே எனக்கு அது பிடிக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஏதோ நிழல் விழுகிறதே என்று நிமிர்ந்தால் முகத்துக்கு நேரே பம்பர். வந்ததும் கேட்கவில்லை, நின்றதும் கேட்கவில்லை. உள்ளே உட்கார்ந்துகொண்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஐம்பத்திரண்டு வயது ஆள் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது.

ஹைப்ரிட் வண்டியாம். பெட்ரோல் இஞ்சினும் உண்டு, பின்சீட்டுக்கு அடியில் பெட்டி மாதிரி ஒரு பெரிய பேட்டரியும் உண்டு. மெதுவாகப் போனால் பேட்டரியில் போகும். வேகம் பிடித்தால் இஞ்சின் தானாக எழுந்துகொள்ளும். சிக்னலில் நின்றால் எல்லாம் அடங்கிவிடும். மற்ற வண்டியில் சத்தம் நின்றால் வண்டி செத்துவிட்டது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். இதில் சத்தம் நின்றால் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது.

புது வண்டியும் இல்லை. பெங்களூரில் யாரோ ஒரு கம்ப்யூட்டர்காரர் ஓட்டித் தேய்த்தது. கிலோமீட்டர் இரண்டு லட்சத்தை நெருங்கியிருந்தது. வாங்கிக் கொடுத்த புரோக்கர் தைரியராஜ், இதெல்லாம் ஹைவேயில் ஓடினது, நூறு வருஷம் ஓடும் என்றார். அவருக்கென்ன, சொல்வதற்குக் காசா பணமா.

எங்கள் தொழில் வாழை இலை. ஜீயபுரத்தில் அறுத்து, தண்ணீர் தெளித்து, கட்டுக் கட்டாக ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சிக்கும் கல்யாண மண்டபங்களுக்குப் போடுகிறோம். காரை வாங்கின பிறகு ஐயாவுக்கு டெம்போ ஆகாமல் போய்விட்டது. பின்சீட்டில் பிளாஸ்டிக் தாளை விரித்து, ஈரம் சொட்டச் சொட்ட இலைக்கட்டை அடுக்கிக்கொண்டு, மண்டப வாசலில் சத்தமில்லாமல் போய் இறங்குவார். சமையல்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பெருமைக்காகவே வாரம் நாலு தடவை போவார். பின்சீட்டின் பக்கவாட்டில் கம்பித் தடுப்புப் போட்ட சின்னத் துவாரம் ஒன்று இருந்தது. பின்னால் உட்காருகிறவர்களுக்கு ஏசி காற்று வருவதற்கு என்று நினைத்துக்கொண்டார். இலைக்கு எதற்கு ஏசி என்று அதன்மேலேயே கட்டைச் சாய்த்துவைத்தார்.

எங்கள் ஒரே பெண் ரஞ்சனியை எடமலைப்பட்டி புதூரில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை பிரவீன்ராஜ் உரக் கம்பெனியில் வேலை. மாமனாரிடம் நாலு வார்த்தை பேசவே கூச்சப்படுகிற பிள்ளை. இவர் விடுவாரா? ஒவ்வொரு தடவை வரும்போதும் அவரைக் காரைச் சுற்றி அழைத்துப்போய், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது, எப்படி மிதக்கிறது என்று ஒரே புராணம். மாப்பிள்ளையும் பானெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவார். நான் காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

வைகாசியில் ஒரு முகூர்த்தத்துக்கு ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் இருக்கிற மண்டபத்துக்கு இலை. அப்படியே ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வரலாமென்று நானும் ஏறிக்கொண்டேன். காவிரிப் பாலத்தில் பாதி தூரம் போயிருப்போம். பின்சீட்டிலிருந்து காற்றாடி இரைகிற மாதிரி ஒரு சத்தம் வந்து ஓய்ந்தது. டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. அவர் கால் மிதித்துக்கொண்டே இருக்கிறது, வண்டி தளர்ந்து தளர்ந்து நின்றுவிட்டது. சத்தமில்லாத வண்டிதானே, நின்றது எனக்குத் தெரியவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கண்ணாடி முழுக்க ஒரு பஸ்ஸின் முகம். அந்த டிரைவர் எப்படிப் பிரேக் போட்டாரோ, அவர் குலம் நன்றாக இருக்கட்டும். நாலு பேர் சேர்ந்து மாம்பழச்சாலை வரை தள்ளினார்கள். இலை ஆட்டோவில் போயிற்று. பெருமாளை நான் சேவிக்கவில்லை.

மதுரை ரோட்டுப் பக்கம் இந்த மாதிரி வண்டிகளையே பார்க்கிற ஆசீர் என்பவரிடம் இழுத்துக்கொண்டு போனோம். பின்சீட்டைக் கழற்றிக் காட்டினார். அந்தத் துவாரம் பேட்டரி மூச்சு விடுகிற வழியாம். உள்ளே இலை நாரும் சருகும் ஈரத்தோடு அப்பிப்போய்ப் பச்சையாகப் பூத்திருந்தது. புதுப் பேட்டரிக்கு அவர் சொன்ன விலை, நாங்கள் கார் வாங்கின விலையில் பாதி. பேட்டரிக்குள் இருக்கிற செல்களில் கெட்டுப்போனதை மட்டும் மாற்றலாமா என்று இவர் கேட்டார். ஆசீருக்கு எரிச்சல் வந்துவிட்டது. பழைய வண்டியில் ஒன்றை மாற்றினால் பக்கத்தில் இருப்பது போகும், அதை மாற்றினால் அடுத்தது போகும், மாதாமாதம் என்னிடம் வந்து நிற்பீர்கள் என்றார். பிறகு ஒன்று சொன்னார். பெட்ரோல் இஞ்சினைத் தட்டி எழுப்புவதே அந்தப் பேட்டரிதான், அது போனால் டாங்க் நிறையப் பெட்ரோல் இருந்தாலும் வண்டி ஓர் அங்குலம் நகராது, அது எங்கே வைத்துப் போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

இவர் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டு பாலக்கரையில் இன்னொருவரைப் பிடித்து, உடைத்த வண்டியிலிருந்து எடுத்த நாலு செல்லை மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வாரத்தில் விளக்கு மறுபடி எரிந்தது. பாலக்கரைக்காரர் அதற்கும் ஒரு மருந்து கொடுத்தார். விரல் நீளத்துக்கு ஒரு கருவி. ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகி, போனில் ஒரு பட்டனைத் தட்டினால் விளக்கு அணைந்துவிடும்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் காலைப் பூஜை இரண்டாயிற்று. குளித்து, திருநீறு பூசி, டேஷ்போர்டுப் பிள்ளையாருக்குப் பூ வைத்து, போனை எடுத்து விளக்கை அழிப்பார். சாயங்காலம் வரும்போது அது மறுபடி எரிந்துகொண்டு வரும். தெர்மாமீட்டரை உதறிவிட்டால் ஜுரம் போய்விடுமா என்று கேட்டேன். எனக்கு இஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று திருப்பிக் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பஸ்ஸின் முகம் மட்டும் தெரியும்.

ஆனியில் தைரியராஜைக் கூப்பிட்டு வண்டியை விற்றுவிடச் சொன்னார். இலை வியாபாரம் பெருகிவிட்டது, லோடு வேன் வாங்கப்போகிறேன், அதனால் கொடுக்கிறேன் என்று ஊரெல்லாம் சொன்னார். மாப்பிள்ளையிடமும் அதையேதான் சொன்னார். தைரியராஜிடம் வண்டியை ஒப்படைத்த அன்று காலையிலும் விளக்கை அழித்தார். கருவியை டேஷ்போர்டில் இருக்கிற முன்பெட்டியில் போட்டு மூடினார். எனக்குப் பொறுக்கவில்லை. வாங்குகிறவர்களும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவார்கள், பேட்டரி விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"கேட்டா சொல்லப்போறேன். யாரும் கேக்கலையே," என்றார்.

ஒரு வாரத்தில் விற்றுப்போயிற்று. பேரம்கூடப் பேசாமல் வாங்கினார்களாம். தைரியராஜ் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது, பார்ட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டதாகச் சொன்னார். இது ஜெயக்குமார் ஓட்டின வண்டிதானே என்று மட்டும் கேட்டார்களாம். என் வீட்டுக்காரர் நெஞ்சு அரை அடி அகலமாயிற்று. யார் அந்தப் பார்ட்டி என்று நான் கேட்டேன். அவர் பெயரைச் சொல்லக்கூடாது என்றிருக்கிறார் என்று தைரியராஜ் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அன்றைக்கே சரியாகப் படவில்லை. ஆனாலும் சனியன் வாசலைவிட்டுப் போயிற்றே என்ற நிம்மதியில் விட்டுவிட்டேன்.

ரஞ்சனிக்கு அப்போது ஏழாம் மாதம். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து உண்டானது. இரண்டு முறை தங்காமல் போய் மூன்றாவதாக நின்ற பிள்ளை. அவளை வளைகாப்புப் போட்டு எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து, எங்கள் கையில் வைத்துப் பிரசவம் பார்க்கவேண்டும். எனக்கு வேறு நினைப்பே கிடையாது. பின்னறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, புதுக் கட்டிலும் வாங்கிப் போட்டாயிற்று. தினமும் போனில் பேசுவாள். செக்கப்புக்கு இப்போதெல்லாம் காரில்தான் போகிறோம் என்றாள் ஒருநாள். யாருடைய கார் என்றேன். அதைச் சொல்ல மாட்டேன் என்று சிரித்தாள். மாப்பிள்ளை வாடகைக்குப் பிடிக்கிறார் போலிருக்கிறது, நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் எடமலைப்பட்டி புதூரில் வளைகாப்பு. சீர் சாமான்களை எங்கள் லோடு வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். பெண்ணை அழைத்துவர வாடகைக் கார் சொல்லட்டுமா என்று முன்பே கேட்டதற்கு, வேண்டாம், ஏற்பாடு இருக்கிறது என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். சம்பந்தி அமிர்தம் தன் கையால் முதல் வளையலைப் போட்டார். கலந்த சாதம் ஏழு வகை. ரஞ்சனி இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலும் சந்தனமுமாக அம்மன் மாதிரி இருந்தாள். கண் பட்டுவிடுமே என்று எனக்குப் பயமாக இருந்தது.

கிளம்புகிற நேரம் எல்லோரும் வாசலில் நின்றோம். தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. பக்கத்தில் யாரோ நகர்ந்தார்கள், திரும்பினேன், பம்பர்.

மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. சீட்டுகளுக்கெல்லாம் பூப்போட்ட புதுத் துண்டு உறை, பக்கவாட்டுத் துவாரம் வரைக்கும் இழுத்து மூடித் தைத்திருந்தது. நம்பரைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. மாப்பிள்ளை இறங்கி, முகமெல்லாம் சிவந்துபோய் இவர் முன்னால் வந்து நின்றார்.

"மாமா வண்டிங்கிறதாலதான் நம்பி வாங்கினேன். உங்ககிட்ட நேரா வந்தா காசு வாங்க மாட்டீங்க, வரதட்சணை கேக்கறமாதிரி ஆயிடும். அதான் கேக்கல மாமா."

சம்பந்தி அம்மாள் பின்னால் நின்று பூரித்துப்போனார். சுற்றியிருந்தவர்களுக்கும் மனசு நிறைந்துவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மாப்பிள்ளையா என்று ஒரு கிழவர் சொன்னார். என் வீட்டுக்காரர் கையில் வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டு நின்றார்.

மாப்பிள்ளை இன்னும் சொன்னார். சிவப்பு விளக்கு அடிக்கடி எரிகிறதாம். தைரியராஜைக் கேட்டதற்கு, முன்பெட்டியில் ஒரு கருவி இருக்கும், உங்கள் மாமா தினம் காலையில் அதை வைத்துத்தான் அழிப்பார் என்று சொன்னாராம். மாமா எப்படி வைத்திருந்தாரோ அப்படியே வைத்திருக்கிறேன், இன்றைக்குக் காலையில்கூட அழித்துவிட்டுத்தான் எடுத்தேன் என்றார். அதைச் சொல்லும்போது பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி இவர் முகத்தைப் பார்த்தார்.

நான் இவரைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இப்போதே சொல்லுங்கள் என்றேன். இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது என்றார். மானம் போய்விடும், பெண் இந்த வீட்டில் வாழவேண்டாமா என்றார். நானே ஓட்டுகிறேன், மெதுவாக ஓட்டுகிறேன், வீடு போய்ச் சேர்ந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றார். வெளியே வந்து, ரஞ்சனி வேனில் முன்னால் உட்காரட்டுமே, விசாலமாக இருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். வளைகாப்புப் போட்ட பெண்ணை லோடு வேனிலா ஏற்றுவது என்று சம்பந்தி அம்மாள் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ரஞ்சனி அதற்குள் காரில் ஏறிவிட்டாள். நானும் வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் ஏறினேன். மாப்பிள்ளை பாத்திரங்களோடு வேனை எடுத்துக்கொண்டு பின்னால் வருவதாக ஏற்பாடு.

ஊருக்குள் வண்டி ஒழுங்காகத்தான் வந்தது. சிக்னலில் நின்றபோதெல்லாம் அடங்கியது. அடங்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு நின்று, அது நகர்ந்த பிறகுதான் வந்தது. கண்ணாடியில் இவர் கண் தெரிந்தது. சாலையைப் பார்க்காமல் விளக்கு எரிகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரஞ்சனி, அப்பா என்ன இன்றைக்கு மாட்டுவண்டி ஓட்டுகிறார் என்று கேலி செய்தாள். கரூர் ரோட்டில் திரும்பிக் குடமுருட்டிப் பாலம் தாண்டினோம். வேன் எங்கோ பின்தங்கிவிட்டது.

முத்தரசநல்லூர் தாண்டி ரோடு வளைகிற இடத்தில் பின்சீட்டுக்கடியில் அந்தக் காற்றாடி இரைந்தது. என் தொடைக்கு அடியில் சூடு தெரிந்தது. ரஞ்சனி முன்னால் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, லைட்டு எரியுது. போனைக் குடுங்க, அவரு பண்றதப் பாத்திருக்கேன், நான் அழிச்சுடறேன்."

இரைச்சல் ஓய்ந்தது. வண்டி தளர்ந்து, இடது பக்கக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, வளைவிலேயே நின்றது.

இறங்கும்மா என்று நான் கதவைத் திறந்தேன். அது ஒரு சாண் திறந்து சுவரில் இடித்தது. நானே ஒருக்களித்துத்தான் வெளியே வரமுடியும். ஒன்பதாம் மாத வயிற்றை வைத்துக்கொண்டு அவள் எப்படி வருவாள்? வலது பக்கம் இறங்கினால் நடுரோடு. அந்தப் பக்கம் லாரியும் பஸ்ஸும் விர்விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. இவர் இறங்கிப் பின்பக்கம் ஓடினார். பட்டு வேட்டி தடுக்கியது, விழுந்து எழுந்து ஓடினார். தோள் துண்டை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு வளைவில் போய் நின்றார். பின்கண்ணாடி வழியாக அவர் முதுகு தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஜல்லி லாரி தெரிந்தது.

லாரி நிற்கவில்லை. நிறுத்த முடியாத வேகத்தில் வந்தது. கடைசி நேரத்தில் வலது பக்கம் ஒடித்து, இவரை உரசி, எங்களை உரசி, வலது பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. கார் குலுங்கியது. ரஞ்சனியின் வளையல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். நான் அவள்மேல் கவிழ்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, உதைக்கிறதும்மா, உதைக்கிறது என்றாள். நான் அழுதேன்.

வாழைத்தோப்பில் வேலை செய்த ஆட்கள் ஓடிவந்து வண்டியைத் தள்ளி, சுவர் முடிகிற இடத்தில் ஒதுக்கினார்கள். ரஞ்சனியை இறக்கி ஒரு கல்லில் உட்காரவைத்தேன். வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை ஓடிவந்து முதலில் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு எழுந்து காரைச் சுற்றி வந்தார். அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. தான் ஏதோ தப்பாக வைத்துக்கொண்டுவிட்டோமோ என்ற குற்ற உணர்ச்சிதான் இருந்தது.

"மாமா, உங்ககிட்ட இருந்தப்ப இப்படி எங்கயாவது நின்னிருக்கா?"

கேட்டுவிட்டார். கேட்டால் சொல்கிறேன் என்றவர் என் வீட்டுக்காரர். முழங்கை சிராய்ந்து ரத்தம் வழிய, வேட்டியெல்லாம் மண்ணாக நின்றார். சற்று முன்புதான் லாரிக்கு முன்னால் போய் நின்ற மனுஷன். நான் அவர் வாயையே பார்த்தேன்.

"இல்ல மாப்ள. இதான் மொத தடவ," என்றார்.

மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். அப்படியானால் சின்னக் கோளாறாகத்தான் இருக்கும், இந்த வாரமே சரிபார்த்து உங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறேன், வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி தயாராக இருக்கவேண்டும் இல்லையா என்றார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"காவிரிப் பாலத்துல நின்னுச்சு மாப்ள. நானும் உள்ள இருந்தேன். பேட்டரி செத்துப்போச்சுன்னு இவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வித்தாரு."

மாப்பிள்ளை இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரஞ்சனிதான் கல்லிலிருந்து மெதுவாக எழுந்தாள்.

"யாரோன்னு நெனச்சுத்தான் வித்தீங்களாப்பா?"

பெண் தனக்கு ஒரு வழி திறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார் பாவி. முகம் மலர்ந்து, அவள் பக்கம் இரண்டு அடி எடுத்துவைத்தார்.

"ஆமாம்மா, சத்தியமா. நீங்கன்னு தெரிஞ்சிருந்தா விப்பனா? யாரோன்னுதாம்மா நெனச்சேன்."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இந்த ஆள் யார் என்று விசாரிக்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. பிறகு என்னைப் பார்த்தாள். உனக்கும் தெரியுமாம்மா, தெரிந்துதான் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வந்தாயா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. வேனின் முன்கதவைத் திறந்து, கம்பியைப் பிடித்து, தானே ஏறி உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். வீட்டுக்குப் போகலாம்மா, அறையெல்லாம் தயாராக இருக்கிறதே என்றேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்குக் கிளம்பின பெண் பாதி வழியில் திரும்பிப் போனதாக எங்கள் பக்கத்தில் நான் கேள்விப்பட்டதே இல்லை. சீர்ப் பாத்திரங்கள் கலகலக்க மாப்பிள்ளை அந்த வேனைத் திருச்சிப் பக்கம் திருப்பினார். வளைவு வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் மல்லிகைச் சரம் சுற்றின காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

புரட்டாசியில் பேரன் பிறந்தான். மாப்பிள்ளை கம்பெனியில் உரம் வாங்குகிற தோப்புக்காரர் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.